சாமுராய் கவசம்: பழைய முழுத் தொகுப்பா, ஒற்றைத் தலைக்கவசமா, புதிதாகச் செய்ததா, மே மாதச் சிறு கவசமா?

ஜப்பானில் வேலை பார்ப்பவர்களும் அங்கே சுற்றுலா போய் வந்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஒரு சாமுராய் கவசம் வாங்க ஆசை. பழையதை வாங்கலாமா, புதிதாகச் செய்ததை வாங்கலாமா?" இப்படிக் கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் கவசத்தில் எந்தக் கைவேலை உங்களை இழுக்கிறது?

ஏனென்றால் சாமுராய் கவசம் ஒரே ஆள் செய்து முடித்த பொருள் அல்ல. இரும்பை அடித்தவர் ஒருவர், மெருகு பூசியவர் ஒருவர், தோலில் அச்சு வைத்தவர் ஒருவர், பட்டுக்கயிறு பின்னியவர் ஒருவர், பித்தளை, செம்புப் பூண்களைச் செதுக்கியவர் ஒருவர். கடைசியில் எல்லாவற்றையும் கயிற்றால் கோத்து உருவம் கொடுத்தவர் இன்னொருவர். இரும்பு வேலைக்கு மியோச்சின், சாவோதோமே, ஹருதா குடும்பங்கள் பேர் பெற்றவை. கோத்து முடிப்பதற்கு நாராவைச் சேர்ந்த இவாய் குடும்பம். இவர்களில் யாருடைய வேலை உங்கள் கண்ணைப் பிடிக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் எதை வாங்கலாம் என்பது மாறும்.

## முதலில் அளவுகோல்கள்

இரும்பு. நல்ல தலைக்கவசக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது ஒரே தகடு அல்ல என்று தெரியும். உச்சியிலிருந்து கீழ்வரை குறுகிக்கொண்டே போகும் நீளத் தகடுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் மெல்லிய வரம்பாக மடித்து, ரிவிட் அடித்திருப்பார்கள். 62 தகடு உள்ளவை பிரசித்தம். சாவோதோமே வேலைக்கு அதுதான் அடையாளம். ரிவிட் தலைகளை வெளிப்பக்கம் தெரியாமல் ராவிவிடுவது ஒரு பாணி. குமிழ் குமிழாக நிற்க விடுவது இன்னொரு பாணி. முதலாவதைச் சுஜி என்பார்கள், இரண்டாவதை ஹோஷி என்பார்கள்.

உருஷி. உருஷி மரத்தைக் கீறி வடித்த பாலைப் பூசும் மெருகு இது. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும், அதனால் பூசிய உருப்படியை ஈரப்பதமான அலமாரிக்குள் வைப்பார்கள். முதலில் மண் தூள் கலந்த உருஷியால் அடித்தளம், அதைத் தேய்த்து மட்டம் செய்து மேலே பூச்சு, மறுபடி தேய்ப்பு, மறுபடி பூச்சு. பழைய கவசத்தில் ஓரம் எங்காவது பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். மேலே பளபளக்கும் கறுப்பு, அதன் கீழே மங்கலான சாம்பல்-பழுப்பு அடுக்கு, அதற்கும் கீழே இரும்போ பதப்படுத்தாத தோலோ. இந்த அடுக்கு தெரிந்தால் உண்மையான உருஷி. கறுப்பு வண்ணம் நேராகத் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தால் வேறு கதை.

கயிற்றுக் கோப்பு. ஜப்பானியர் ஒடோஷி என்று சொல்லும் இந்த வேலைதான் கவசத்துக்கு நிறம் தருகிறது. செதில்களை, அதாவது சிறு இரும்பு, தோல் துண்டுகளை, வரிசையாக அடுக்கி, ஒரு வரிசையை அடுத்த வரிசையோடு பட்டுக்கயிற்றால் இணைப்பார்கள். கயிறுகள் இடைவெளியே இல்லாமல் முழுப் பரப்பையும் மூடினால் கெபிகி. இரண்டிரண்டாக, தள்ளித் தள்ளிப் போட்டால் சுகாகே. கெபிகி கண்ணுக்கு விருந்து. ஆனால் போர்க்களத்துக்கு அது சரிப்படாது என்று 1800-ல் கவசத் தயாரிப்பைப் பற்றி நூல் எழுதிய சகாகிபாரா கோசான் ஆணித்தரமாகச் சொல்கிறார். நனைந்தால் கனம் கூடும், சீக்கிரம் காயாது, குளிரில் உறையும், சேறு போகாது, நீண்ட படையெடுப்பில் பேனும் எறும்பும் குடியேறும், ஈட்டி முனை வழுக்கிப் போகாமல் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். 16-ஆம் நூற்றாண்டில் போர்கள் பெருத்து, 1543-ல் தானேகஷிமாவில் துப்பாக்கியும் வந்து இறங்கிய பிறகு, பெரிய தகடுகளும் சுகாகேயும் பரவியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு எடோ காலத்து (1603-1868) அமைதியில், போர் இல்லாதபோது, கெபிகி அலங்காரமாகத் திரும்பி வந்தது.

தோலும் பூணும். மான் தோலில் சிங்கமும் பூவும் கொடியும் அச்சிட்டு, தலைக்கவசத்தின் பக்க மடிப்பிலும் மார்பின் மேல் ஓரத்திலும் ஒட்டுவார்கள். பூண்களில் செம்பின் மேல் பொன்முலாம், அல்லது செம்போடு சிறிது தங்கம் சேர்த்துக் கறுப்பாக்கிய ஷாகுதோ. இதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போலியைக் கண்டுபிடிக்கும்போது உதவும்.

மற்ற அளவுகோல்கள் எளிமையானவை. எல்லாப் பாகமும் ஒரே கவசத்தைச் சேர்ந்தவைதானா? உடுத்தப் போகிறீர்களா, பார்க்கவா? உங்கள் வீட்டுக் காற்று அதற்கு ஒத்து வருமா? விலைச்சீட்டுக்கு அப்பால் இன்னும் எவ்வளவு இறங்கும்?

## 1. எடோ காலத்து முழுத் தொகுப்பு

கனவு இதுதான், சந்தேகமே இல்லை. தலைக்கவசம், முகக்கவசம், மார்பு-முதுகு, தொங்கும் இடைத்தகடுகள், தோள் பட்டை, கைக்கூடு, தொடைக் கவசம், கணுக்கால் கவசம், எல்லாவற்றையும் வைக்கும் பெட்டி. சந்தையில் சில லட்சம் யென்னில் தொடங்கிப் பல மில்லியன் வரை போகும். பெயர் பெற்ற குடும்பத்துக்கு உரியது என்றால் அதற்கும் மேலே.

வாங்கும்முன் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். விற்பனைக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி எடோ காலத்தது, அதாவது 1603-க்கும் 1868-க்கும் நடுவில் செய்தது. 1615 ஓசாகா முற்றுகை, 1637-38 ஷிமபாரா கிளர்ச்சி, இவற்றுக்குப் பிறகு இருநூறு ஆண்டுக்கு மேல் நாட்டில் பெரிய சண்டையே இல்லை. ஊர்வலத்துக்கும் குடும்ப கௌரவத்துக்கும் செய்த கவசங்களே அதிகம். "இது போரில் அணிந்தது" என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லுக்காக ஒரு யென்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். அமைதிக்காலத்து வேலை என்பதால் தரம் குறைவு என்றும் நினைக்க வேண்டாம். அலங்கார வேலையின் உச்சம் அந்தக் காலத்தில்தான்.

பெரிய சிக்கல் வேறு. 1871-ல் ஜமீன் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டு, 1876-ல் வாள் அணியவும் தடை வந்ததும், சாமுராய் குடும்பங்கள் கவசங்களை விற்றுத் தீர்த்தன. தொகுப்புகள் உடைந்தன. ஒருவரின் தலைக்கவசம், இன்னொருவரின் மார்புக்கவசம், மூன்றாவது வீட்டின் கைக்கூடு என்று சேர்த்து "முழுத் தொகுப்பு" ஆக்கி விற்பது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. இதைத்தான் யோசெகுமி என்பார்கள். விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லி, விலையையும் அதற்கேற்ப வைத்தால் தப்பில்லை. சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது தோல். தலைக்கவசத்தின் பக்க மடிப்பிலுள்ள அச்சும் மார்பின் மேல் ஓரத்திலுள்ள அச்சும் ஒரே வகைதானா? அப்புறம் கயிற்றின் நிறமும் பின்னலும் எல்லா இடத்திலும் ஒன்றா? குலச்சின்னம் வெவ்வேறு பாகங்களில் முரண்படுகிறதா? உருஷியின் கறுப்பு ஓரிடத்தில் நீலம் கலந்தும் இன்னோரிடத்தில் பழுப்பு கலந்தும் இருக்கிறதா? துணி சேர்ந்த கைக்கூடும் கணுக்கால் கவசமும் சீக்கிரம் இற்றுப் போகும், அதனால் அவை மட்டும் பின்னாளில் மாறியிருப்பது சகஜம். மார்பும் தலையும் தோளும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம்.

அடுத்து, செதில். உண்மையான சிறு செதில்களைக் கோத்துச் செய்தது விலை கூடியது. நீளத் தகட்டின் மேல் விளிம்பைப் பல்போல வெட்டி, முகப்பில் உருஷியைக் குவித்துச் செதில்போலக் காட்டுவதும் உண்டு. அதுவும் நேர்மையான பழைய முறைதான், மோசடி அல்ல. ஆனால் விலை ஒன்றாக இருக்கக்கூடாது. வரிசையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: தனிச் செதில் என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய படிக்கோடு அங்கேயும் தெரியும், தகடு என்றால் மட்டமாக இருக்கும்.

மறைமுகச் செலவு இந்தத் தேர்வில்தான் அதிகம். பட்டுக்கயிறு நைந்திருந்தால் மறுபடி கோக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறு, தெரிந்த கை, மாதக்கணக்கான வேலை. சாதாரணக் கவசத்துக்கு அதன் விலைக்கு நிகராகக்கூட அந்தச் செலவு வந்துவிடும். இரும்புச் சத்து சேர்த்துச் சாயம் போட்ட கறுப்பு, கரும்பழுப்புக் கயிறுகள் மற்ற நிறங்களைவிட முன்னதாகவே உதிரும். தொட்டால் தூளாகும் கறுப்புக் கயிறு உள்ள கவசம் மலிவாகக் கிடைத்தால், காரணம் அதுதான். மறுகோப்பு செய்தால் பழைய கயிறு போய்விடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல பாடம் தோக்கியோவின் மேற்குக் கோடியில், ஓமே நகரத்து முசாஷி மித்தாகே ஆலயத்தில் இருக்கிறது. பழங்காலப் போர்வீரர் ஹதாகேயாமா ஷிகேதாதா காணிக்கை தந்ததாகச் சொல்லப்படும் சிவப்புக் கயிற்றுப் பெருங்கவசம், தேசியப் பொக்கிஷம். மெய்ஜி காலத்தில் (1868-1912) பழுது பார்த்தபோது ரசாயனச் சாயம் தோய்த்த கயிற்றைச் சேர்த்தார்கள். அந்தப் பகுதி வெளுத்துவிட்டது. மஞ்சிட்டி இனத்து வேரில் சாயம் காய்ச்சித் தோய்த்த பழைய கயிறோ எண்ணூறு ஆண்டு தாண்டியும் சிவப்பாகவே நிற்கிறது. பழுது பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், "எந்தச் சாயம்?" என்று கேட்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வீட்டுக் காற்றைப் பற்றி. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி ஈரக் காற்று வீசும் ஊர்களில் இரும்பு துருவேறும், பட்டும் தோலும் பூஞ்சை பிடிக்கும். அதைவிடக் கெடுதல், இரவில் ஏசி போட்டுப் பகலில் அணைப்பது. ஈரம் ஏறி இறங்க ஏறி இறங்க, தோலும் மரமும் விரிந்து சுருங்கி, மேலிருக்கும் உருஷி வெடிக்கும். கவசம் இருக்கும் அறையில் காற்று ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்கு மின்கட்டணம் உண்டு, வருஷா வருஷம்.

சட்டம். ஜப்பானின் தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை நாட்டைவிட்டு வெளியேறாது. மற்றபடி கவசத்துக்கு வாளுக்கு உள்ளதுபோல் பதிவுச் சான்று தேவையில்லை. "வாளோடு சேர்த்து" என்று விற்றால் வாளுக்குத் தனிக் காகிதம், தனி அனுமதி. கரடி ரோமம் வைத்த பாகம் இருந்தால் கவனம்: ஆசியக் கறுங்கரடி சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. சுங்கத்தில் மாட்டினால் முழுப் பெட்டியும் நிற்கும்.

யாருக்கு ஏற்றது: பெரிய அறையும் சீரான காற்றும், பராமரிக்கப் பொறுமையும், பாகங்கள் ஒத்துப்போகும் ஒரு தொகுப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மனமும் உள்ளவருக்கு. அவசரமாக வாங்குபவருக்கு அல்ல.

## 2. பழைய தலைக்கவசமோ முகக்கவசமோ மட்டும்

முழுத் தொகுப்புக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை ஒரே ஒரு நல்ல உருப்படிக்குச் செலவழியுங்கள். என்னைக் கேட்டால், முதன்முதலாக வாங்கும் பெரும்பாலோருக்கு இதுதான் சரி. நடுத்தரமான ஏழெட்டுப் பாகங்களைவிட உயர்தரமான ஒரு பாகம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

தலைக்கவசத்தில் தேர்வு பெரிது. சில தகடுகளை மட்டும் சேர்த்த, தலை வடிவத்திலேயே இருக்கும் ஜுனாரி எளிமையானது, உறுதியானது, விலையும் அடக்கம். பல தகட்டுச் சுஜி அடுத்த படி. போர்த்தலைவர் தாதே மாசமுனேயின் கறுப்புக் கவசம் செந்தாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெற்றியில் ஒரு பக்கம் நீண்ட பொன்னிறப் பிறை. எல்லோரும் அந்தப் பிறையையே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதைத் தாங்கும் கிண்ணம் 62 வரம்புள்ள சுஜி. பிறை இல்லாமலும் அந்தக் கிண்ணத்துக்கு நான் மணிக்கணக்கில் செலவிடுவேன்.

விசித்திர வடிவத் தலைக்கவசங்களும் உண்டு: மீன் வால், சிப்பி, உயர்ந்த தொப்பி, மலைச்சரிவு. இவற்றில் உள்ளே ஒரு சாதாரண இரும்புக் கிண்ணம், மேலே காகிதமும் தோலும் மரமும் வைத்து உருவம் கட்டி உருஷி பூசியது. போர்வீரர் ஹோண்டா தாதகாட்சுவின் புகழ்பெற்ற மான் கொம்புகள்கூட உண்மைக் கொம்பு அல்ல, காகிதத்தை உருஷியால் அடுக்கடுக்காக ஒட்டியது. கனமில்லாமல் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்கு அற்புதமான வழி. ஆனால் வாங்குபவருக்கு ஆபத்து: விரிசல் விட்டால் சரிசெய்வது கடினம், போலியும் அதிகம்.

கையெழுத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மியோச்சின் பெயர் பொறித்த கிண்ணம் என்றால் விலை எகிறும். எடோ காலத்தில் அந்தக் குடும்பத்தாரே கையெழுத்தில்லாத பழைய வேலைகளுக்குச் சான்று எழுதிக் கொடுத்தார்கள். தங்கள் வம்சாவளியைப் பழங்காலம்வரை நீட்டி, இருந்தார்களா என்றே உறுதியில்லாத முன்னோர்கள் பெயரில் அவற்றைச் சேர்த்தார்கள். ஆகவே பெயருக்காக வாங்காமல் இரும்புக்காக வாங்குங்கள். தகடுகளின் இடைவெளி உச்சிவரை சீராக ஒடுங்குகிறதா, உச்சித்துளையைச் சுற்றிய பூண் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியக் கவச ஆய்வு, பாதுகாப்புச் சங்கம் தரும் இன்றைய சான்று இருந்தால் நல்லது. விலைக்கு நியாயமும் சேர்க்கும்.

முகக்கவசம் என் தனிப் பிரியம். மூக்கும் கன்னமும் தாடையும் இரும்புத் தகட்டிலேயே எழும்பி வரும். கோபமுகம் என்றால் கன்னத்தில் சுருக்கங்களை அடித்தே எடுத்திருப்பார்கள். சாந்தமுகம் என்றால் சுருக்கமில்லாத, வழவழப்பான பரப்பு. மூக்குப் பகுதி பலவற்றில் தனியாகக் கழலும். உட்புறம் சிவப்பு உருஷி. தாடைக்குக் கீழே சின்னத் துளை ஒன்று இருக்கும், வியர்வை வடிய. அதற்குப் பக்கத்தில் தலைக்கவச நாடாவை மாட்ட முளை. அலங்காரமும் பயனும் ஒரு உள்ளங்கை அளவு இரும்பில் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்த பொருள் வேறு எனக்குத் தெரியாது. மேசையில் வைக்கலாம், சிறு கண்ணாடிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டுக் காப்பாற்றலாம், கைப்பையிலேயே எடுத்து வரலாம்.

மறைமுகச் செலவு குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: செம்பழுப்புத் துரு நிறத்தை வேண்டுமென்றே வரவழைத்து நிறுத்திய இரும்பை யாரும் "சுத்தம்" செய்துவிடக் கூடாது. வீட்டு வேலைக்கு வருபவர் ஒருமுறை பாலிஷ் போட்டால் பாதி மதிப்பு போச்சு.

யாருக்கு ஏற்றது: இரும்பு வேலையை நேசிப்பவர், இடம் குறைந்த வீட்டுக்காரர், முதல்முறை வாங்குபவர்.

## 3. புதிதாகச் செய்த, உடுத்தும் கவசம்

உடுத்தத்தான் ஆசை என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். பழைய கவசத்தை உடுத்தாதீர்கள். கயிறு அறும், உருஷி பெயரும், அளவும் பொருந்தாது. எடோ காலத்து ஆண்களின் சராசரி உயரம் நம்மைவிடக் குறைவு.

ஜப்பானில் இதற்குப் பெரிய பெயர் ககோஷிமா மாநிலம் சத்சுமாசெந்தாயிலுள்ள மாருதாகே. தூண்டில் கம்பு செய்து வந்த நிறுவனம், பிறகு கவசத்துக்கு வந்தது. திரைப்படங்களுக்கும் திருவிழாக்களுக்கும் செய்து கொடுக்கிறது. 2023-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணியில் ஷோஹேய் ஓதானியும் தோழர்களும் ஹோம் ரன் அடித்தபோதெல்லாம் அணிந்த தலைக்கவசம் அங்கே செய்ததுதான். விலை சுமார் 3,30,000 யென் என்று செய்திகள் வந்தன. ஒரு நல்ல புதுத் தலைக்கவசத்துக்கே இந்த விலை என்றால், இணையத்தில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் "முழுக் கவசம்" எதில் மிச்சம் பிடித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் இரும்புக்குப் பதில் அலுமினியம், உருஷிக்குப் பதில் செயற்கை வண்ணம், பட்டுக்குப் பதில் செயற்கை நூல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உடுத்தி நடக்க, மழையில் நனைய, துடைத்து வைக்க இதுதான் வசதி. பழைய போர்க்கவசம் பத்து முதல் இருபது கிலோ இருக்கும், குதிரைவீரனின் பெருங்கவசம் முப்பதை ஒட்டும். வெயிலில் அலுமினியத்தின் அருமை தெரியும். கவசம் பூண்டு குதிரையேறும் ஃபுகுஷிமாவின் சோமா நோமாவோய் விழாவையே கோடை வெயில் தாங்காமல் 2024 முதல் ஜூலையிலிருந்து மே கடைசிக்கு மாற்றிவிட்டார்கள்.

உண்மையான உருஷியும் பட்டும் வைத்துப் பழைய முறையில் புதிதாகச் செய்யும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் விலை நல்ல பழைய தொகுப்பை எட்டும், காத்திருப்பும் நீளம். ஆனாலும் அந்தக் கை வேலை தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள், வசதி இருந்தால், தயங்காமல் அவர்களிடம் கொடுக்கலாம்.

யாருக்கு ஏற்றது: விழாவில் நடப்பவர், மேடை நாடகக் குழு, தற்காப்புக்கலைப் பள்ளி.

## 4. மே மாதச் சிறு கவசம்

மே 5 ஜப்பானில் குழந்தைகள் தினம். ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் சிறு கவசத்தையோ தலைக்கவசத்தையோ மட்டும் அலங்கரித்து வைப்பார்கள். நம்மவர்கள் பலர் இதைப் பொம்மை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அநியாயம்!

யோசித்துப் பாருங்கள். ஹெயான், காமகுரா காலத்து (8 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) பெருங்கவசம்தான் அலங்காரக் கலையின் சிகரம். எஞ்சியிருப்பவை ஆலயங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன: நாராவின் கசுகா ஆலயம், ஹச்சினோஹேயின் குஷிபிகி ஹச்சிமான் ஆலயம், மேலே சொன்ன மித்தாகே. எவ்வளவு பணம் இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வராது. அந்த வடிவத்தை, அதே நிறக் கோப்போடு, மேலே வெளிறிக் கீழே அடர்த்தியாகும் கயிற்று வரிசையோடு வீட்டில் வைக்க வழி இந்தச் சிறு கவசம் ஒன்றுதான். தோக்கியோ, கியோத்தோ, சைதாமா பட்டறைகளில் நல்லவை இந்தத் தேசியப் பொக்கிஷங்களையே பார்த்து, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று அளவில் செய்யப்படுகின்றன.

தரம் எங்கே தெரியும்? தோள் பட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கயிறு பின்னாலும் சீராக ஓடினால் கையால் கோத்தது. செதில் அச்சில் அடித்த ஒரே தகடா, தோல் மான் தோலா அச்சிட்ட துணியா, கயிறு பட்டா செயற்கையா என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். விலை பத்தாயிரக்கணக்கான யென்னில் தொடங்கும். பட்டறைப் பெயர் உள்ளவை மில்லியனை எட்டும்.

இன்னொரு வசதி: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கவசம் என்பது அங்கே வழக்கம், ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுப்பதைப் பலர் விரும்புவதில்லை. அதனால் பழைய பொருள் கடைகளில் அருமையான சிறு கவசங்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். செலவு என்று சொன்னால் கண்ணாடிப் பெட்டியை உடையாமல் கொண்டுவருவதுதான். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு இங்கே புதிதாகச் செய்துகொள்வது மேல்.

யாருக்கு ஏற்றது: கயிற்றுக் கோப்பையும் நிறத்தையும் நேசிப்பவர், சின்ன வீடு, அளவான பணம்.

## ஒரே பார்வையில்

| | பழைய முழுத் தொகுப்பு | பழைய ஒற்றை உருப்படி | புதிய உடுத்தும் கவசம் | சிறு கவசம் |
|---|---|---|---|---|
| சிறக்கும் கைவேலை | எல்லாமும், ஒத்துப்போனால் | இரும்பு | வடிவமும் அசைவும் | கயிற்றுக் கோப்பு, நிறம் |
| ஏமாறும் வாய்ப்பு | மிக அதிகம் | கையெழுத்திலும் விசித்திர வடிவத்திலும் அதிகம் | குறைவு | குறைவு |
| உடுத்தலாமா | கூடாது | கூடாது | தாராளமாக | இல்லை |
| பராமரிப்பு | கடினம் | எளிது | மிக எளிது | தூசியும் பூச்சியும் மட்டும் |
| மறைமுகச் செலவு | மறுகோப்பு, சீரான காற்று, பெரிய பெட்டி | சிறிது | வைக்கும் இடம் | அனுப்பும் செலவு |

## வாங்காமலேயும் இருக்கலாம்

இதையும் ஒரு தேர்வாகவே எண்ணுங்கள். முழுத் தொகுப்புக்கு ஆகும் பணத்தில் ஒரு பயணம் போகலாம். ஓமிஷிமா தீவின் ஓயாமாசுமி ஆலயத்தில் குவிந்திருக்கும் பழங்கவசங்கள், குனோசான் தோஷோகூ ஆலயத்தில் எடோ ஆட்சியை நிறுவிய தோகுகாவா இயேயாசுவின் கவசம், ஹிகோனேயில் 'ஈ' என்ற பிரபுக் குடும்பத்தின் சிவப்புக் கவசங்கள். இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு லீட்ஸ் நகரம் இருக்கிறது. 1613-ல் தோகுகாவா ஆட்சியாளர்கள் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு அனுப்பிய கவசம், இவாய் யோசாயெமோன் கோத்து முடித்தது, அங்கே ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதை முகலாயப் பேரரசர் அனுப்பியது என்று தவறாகப் பதிந்து வைத்திருந்தார்கள்.

எதையும் வாங்கும்முன் இவற்றில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். நல்ல கோப்பை ஒருமுறை நேரில் பார்த்த கண், கடையில் மட்டமானதைத் தானே கண்டுபிடித்துவிடும்.

## பணம் கொடுக்கும் முன்

விற்பவரிடம் படம் கேளுங்கள், முகப்புப் படம் மட்டும் போதாது. தலைக்கவசத்தின் உட்புறம், மார்புத் தகட்டின் உட்புறம், செதில் வரிசையின் பின்புறம், உருஷி பெயர்ந்த இடங்கள், கைக்கூட்டின் துணி, தோல் அச்சின் நெருக்கப் படங்கள். கயிறு எப்போது மாற்றப்பட்டது, எந்தப் பாகம் பின்னால் சேர்ந்தது என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல வியாபாரி இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். தயங்குபவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

முழுத் தொகுப்பு என்றால் நிற்க வைக்கும் சட்டகமும் விலையில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கவசத்தை வருஷம் முழுக்கச் சட்டகத்தில் தொங்கவிட்டால் தோள் வாரும் கயிறும் மொத்தக் கனத்தையும் தாங்கி நைந்துபோகும். சில வாரம் வெளியே வைத்துவிட்டு, மிச்ச நாளில் பெட்டிக்குள் படுக்க வையுங்கள். காற்று உலர்ந்திருக்கும் மாதத்தில் ஒருமுறை எடுத்து நிழலில் ஆற விடுங்கள். ஜப்பானிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவதும் இதைத்தான்.